மணல் போட்ட தொட்டியில் அயிரை, எந்த ஃபில்டர் வாங்கலாம்?

பேட்டைக்காரன்:

வணக்கம். என் தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் 127 லிட்டர் வருகிறது. மணலும் மேலே விடுகிற இடைவெளியும் போக 100 லிட்டர் நிற்கும். உள்ளே இருப்பது அயிரை, பதினாலு. குழம்புக்கென்று சந்தையில் உயிரோடு வாங்கி வந்தது. அலசும்போது என் மகள் ஒரு கை அள்ளிக் குண்டானில் போட்டுக்கொண்டு தரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஆச்சி தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் "புளி கரைச்சாச்சா?" என்று கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை.

முதலில் கூழாங்கல்லும் அதன் அடியில் தட்டு ஃபில்டரும் இருந்தன. அயிரைக்குப் புதைந்துகொள்ள மணல் வேண்டும் என்று தெரிந்ததும் கல்லை அள்ளிவிட்டு, வீடு கட்டியபோது மிஞ்சிக் கொல்லையில் கிடந்த ஆற்று மணலைச் சலித்து, இருபது வாளித் தண்ணீரில் அலசிப் போட்டேன். மணல் தட்டின் இடுக்கில் இறங்கி அடைத்துவிடும் என்பதால் அதையும் எடுத்தாயிற்று. கடையில் கேட்டேன், கண்ணாடியில் ஒட்டுகிற பவர் ஃபில்டர் ஒன்று கொடுத்தார்கள். மணிக்கு 1000 லிட்டர். பதினோராம் நாள் ராத்திரி கரகரவென்று சத்தம், விடிந்து பார்த்தால் நின்றுவிட்டது. கழற்றினால் உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரைச் சுற்றி மணல், தண்டு முழுக்கக் கீறல். தொட்டிக்குள்ளும் கூத்துதான். தண்ணீர் பாய்கிற இடத்தில் குழி, எதிர் மூலையில் தேரிக்காடு மாதிரி மேடு.

திரும்ப அதையே வாங்கவா, பின்னால் தொங்கவிடுகிறதை வாங்கவா, கடன் வாங்கியாவது தொட்டிக்கு வெளியே வைக்கிற கேனிஸ்டர் ஃபில்டருக்குப் போகவா? மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து 2 மணி வரை கரண்ட் இருக்காது. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

அம்பை அண்ணாச்சி:

தம்பி, மூன்றும் வேண்டாம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு, காற்று பம்ப் ஒன்று. நான் எட்டு வருடமாக அயிரை வைத்திருக்கிறேன், வேறு எதையும் தொடவில்லை.

காற்றுக் குமிழி குழாய் வழியே மேலே ஏறும்போது தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாகத்தான் வந்தாக வேண்டும். தொட்டிக்குள் சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது, அப்புறம் மணல் எதைப் போய்க் கீறும்? அயிரையும் உள்ளே இழுபடாது. மற்ற மீனாவது நடுத் தண்ணீரில் நீந்தும். இது கண் மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும், திடீரென்று உதறிக்கொண்டு எழும். ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு சிட்டிகை மணல் மேலே போகும். 1000 லிட்டர் இழுக்கிற வாய் பக்கத்தில் இருந்தால் அது எங்கே போகும்?

ஸ்பாஞ்சை மணல் மேல் வைக்காதீர்கள், அயிரை அடியில் பறித்துச் சாய்த்துவிடும். உடைந்த ஓட்டுத் துண்டைக் கண்ணாடித் தரையில் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். மணலும் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கூடினால் அடியில் கறுத்து அழுகல் வாடை வரும்.

கரண்ட் போகிற நாளைக்கு முக்கியமான விஷயம், பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே வைத்தால் தண்ணீர் ட்யூப் வழியாகத் திரும்பி பம்ப்புக்குள் இறங்கிவிடும். இடமில்லை என்றால் பத்து இருபது ரூபாய்க்கு ஒருவழி வால்வு கிடைக்கும், போடுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு அயிரை தாங்கும், மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகிற சாதி அது. கேனிஸ்டர் மூடிய டப்பா. உள்ளே தண்ணீர் அத்தனை நேரம் தேங்கினால், கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டியிருந்து மீன் கழிவின் நஞ்சை முறிக்கிற நல்ல பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும்.

இன்னொன்று. கல்லை அள்ளியபோதே உங்கள் பாக்டீரியாவில் பாதி போயிருக்கும். பழைய ஃபில்டரில் இருக்கிற ஸ்பாஞ்சைத் தூக்கிப்போடாமல் தொட்டியிலேயே ஒரு மாதம் கிடக்கவிடுங்கள், அதுவரை தீனியைப் பாதியாகக் குறையுங்கள். புது ஸ்பாஞ்சைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும். கடுங்காப்பி மாதிரி இறங்கும். குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள், குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

பாளை மீன்தொட்டி:

அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் மணலின் மேலே படிகிற கழிவை ஸ்பாஞ்ச் இழுக்காது. கல்லில் அது இடுக்குக்குள் இறங்கி மறைந்துவிடும், மணலில் அப்படியே கண்ணுக்குத் தெரியும். தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுகிற சைஃபன் குழாயை மணலில் குத்தாமல் ஓர் அங்குலம் உயரத்தில் பிடித்து வட்டமாக ஆட்டினால் கழிவு மட்டும் வரும். நான் தொங்கவிடுகிற ஃபில்டர்தான் வைத்திருக்கிறேன். உறிஞ்சுகுழாயை மணலிலிருந்து நாலு அங்குலம் தூக்கி, வாயில் ஸ்பாஞ்ச் உறை மாட்டியதும் இம்பெல்லர் பிழைத்தது. ஆனால் கரண்ட் வந்தபின் சில நேரம் தண்ணீர் ஏறாமல் வெறுமனே ஓடும். ஆபீசில் இருக்கிறவருக்கு ஒத்துவராது.

மணல் குறைந்தால் எம்-சாண்ட் போட்டுவிடாதீர்கள். உடைத்த கல், முனையெல்லாம் கூர். அயிரை வயிறு கிழியும்.

உவரி வாசகன்:

எங்கள் ஊர்க் கடற்கரை மணல் போடலாமா?

அம்பை அண்ணாச்சி:

வேண்டாம். சிப்பித் தூள் கலந்திருக்கும், தண்ணீர் கடினமாகும். ஒரு கரண்டி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சிப்பி.

பேட்டைக்காரன்:

இரண்டு ஸ்பாஞ்ச், ஒரு பம்ப் வாங்கி மாட்டியாயிற்று. நாலு நாளாகத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மேடும் குழியும் இல்லை. பம்ப் மட்டும் சன்னமாகக் குறட்டை விடுகிறது, அடியில் பழைய செருப்பு ரப்பர் வைத்ததும் அடங்கியது. குமிழி தளதளவென்று வருவதை ஆச்சி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொதி வந்துட்டு, இன்னும் என்ன? மீனைப் போடு" என்கிறாள்.

அம்பை அண்ணாச்சி:

தளதளவென்று வரக் கூடாது தம்பி. ஒருவழி வால்வு இல்லை, காற்றைக் கூட்டிக் குறைக்கிற திருகு வால்வைக் கொஞ்சம் திருகிக் குறையுங்கள்.