பில்லியன் என்றால் நூறு கோடிதானே? கணக்கு ஆயிரம் மடங்கு இடிக்கிறது, அவசரம்

கயல்மொழி
வணக்கம். இன்று இரவுக்குள் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் பணவீக்கம் பற்றியது. கையில் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு டாலருக்கு 4.2 பில்லியன் மார்க் என்று இருக்கிறது. சரிபார்க்கலாம் என்று இணையத்தில் தேடினால் அதே 4.2, ஆனால் டிரில்லியன் என்கிறார்கள். நான் 420 கோடி என்று எழுதி வைத்திருக்கிறேன். எது சரி? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தஞ்சை_வாசகர்
எந்த ஆண்டு, எந்த மாதம்? அந்தக் காலத்து ஜெர்மனியில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. தேதி இல்லாமல் எதைச் சொல்வது?

அச்சுக்கோப்பாளர்
அச்சுப்பிழைதான், சந்தேகமே வேண்டாம். ஈய எழுத்துக் காலத்தில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். புத்தகங்களில் முதலில் பிழையாவது எண்கள்தான், மெய்ப்பு பார்ப்பவர் கண்ணும் எண்களைத் தாண்டி ஓடிவிடும். இணையத்தில் இருப்பதையே போடுங்கள்.

வரலாற்று_ஆர்வலர்
பிழை எண்ணில் இல்லை அம்மா, மார்க்கில் இருக்கிறது. அன்று மதிப்பிழந்த காகித மார்க், தங்கத்தை வைத்து மதிப்பிட்ட தங்க மார்க், பணவீக்கத்தை நிறுத்த வந்த புது ரென்டன்மார்க் என்று மூன்று இருந்தன. உங்கள் புத்தகம் ஒன்றைச் சொல்கிறது, இணையம் இன்னொன்றைச் சொல்கிறது. எந்த மார்க் என்று பாருங்கள்.

கணக்கு_வாத்தியார்
பில்லியனுக்கு ஒன்பது சைபர், டிரில்லியனுக்குப் பன்னிரண்டு. பள்ளிப் பாடம் இது. இதே களத்தில் பலமுறை சொல்லியாகிவிட்டது, யாரும் பழைய இழைகளைத் தேடிப் பார்ப்பதில்லை. மொழிபெயர்க்க உட்காரும்முன் அகராதியைத் திறக்கும் பழக்கம் வேண்டும். உங்கள் 420 கோடி சரி. புத்தகம் தவறா, இணையம் தவறா என்பது வேறு விஷயம்.

பழநூல்_தேடி
கயல்மொழி, புத்தகம் எந்த ஊரில், எந்த ஆண்டு அச்சானது? பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கயல்மொழி
1923 நவம்பர். காகித மார்க். புத்தகம் தாத்தாவுடையது, முன்பக்கங்கள் கிழிந்துபோய்விட்டன. அச்சான ஆண்டு அவ்வளவு முக்கியமா?

பழநூல்_தேடி
மிக முக்கியம். பில்லியன் என்ற சொல்லுக்கு இரண்டு அளவுகள் உண்டு, இரண்டும் ஆங்கிலத்தில் நெடுங்காலம் பக்கத்து பக்கத்தில் புழங்கின.

மில்லியன் இத்தாலியிலிருந்து வந்தது. 'மில்லே' என்றால் ஆயிரம், அதன் பின்னால் 'பெரிய' என்ற பொருள் தரும் விகுதி. ஆக, பெரிய ஆயிரம். 1484இல் நிக்கோலா சூக்கே என்ற பிரெஞ்சுக் கணிதர் பெரிய எண்களை ஆறு ஆறு இலக்கமாகப் பிரித்து, இரண்டு என்பதற்கான லத்தீன் முன்னொட்டைச் சேர்த்து 'பில்லியன்' என்று எழுதினார். மில்லியனை மில்லியனால் ஒருமுறை பெருக்கினால் பில்லியன், இன்னொரு முறை பெருக்கினால் டிரில்லியன். அதாவது பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்குகிறோம். பன்னிரண்டு சைபர், நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலேயே சிலர் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பெயர்கள் மாறவில்லை, அளவு சுருங்கியது. பில்லியன் ஆயிரம் மில்லியன் ஆனது. அமெரிக்கா இந்தச் சின்ன அளவை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து பழைய பெரிய அளவிலேயே நின்றது. 1974இல்தான் பிரதமர் ஹரால்ட் வில்சன், அமைச்சர்கள் இனி பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன் என்ற பொருளில்தான் சொல்வார்கள் என்று நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் பதில் கொடுத்தார்.

பிரான்ஸ் 1961இல் அதிகாரபூர்வமாகப் பெரிய அளவுக்கே திரும்பிப் போய்விட்டது. இங்கிலாந்து ஒரு பக்கம் போனது, பிரான்ஸ் எதிர்ப்பக்கம் போனது.

உங்கள் புத்தகம் பழைய லண்டன் பதிப்பாக இருந்தால் அதன் 4.2 பில்லியனும் இணையத்தின் 4.2 டிரில்லியனும் ஒரே தொகை.

கணக்கு_வாத்தியார்
இதெல்லாம் அருங்காட்சியகச் செய்தி. இன்று உலகம் முழுக்க ஒன்பது சைபர்தான்.

டோர்ட்முண்ட்_தமிழிச்சி
உலகம் முழுக்க இல்லை வாத்தியார் ஐயா. நான் இருப்பது ஜெர்மனியில். இங்கே இன்றைக்கும் ஒன்பது சைபருக்கு 'மில்லியார்ட', பன்னிரண்டுக்குத்தான் 'பில்லியோன்'. என் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதும் இதைத்தான். அந்தப் பணவீக்க காலத்து அஞ்சல்தலைகளைச் சேகரிப்பவர்களிடம் பார்த்திருக்கிறேன், 50 மில்லியார்டன் என்றே அச்சாகியிருக்கும். ஜெர்மன் ஆவணத்தில் 4.2 பில்லியோனன் என்று இருப்பதை அப்படியே 4.2 பில்லியன் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் தவறு இப்போதும் நடக்கிறது.

வரலாற்று_ஆர்வலர்
தங்க மார்க்கை விட்டுவிடாதீர்கள், கணக்கை நிரூபிப்பதே அதுதான். முதல் உலகப் போருக்கு முன் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4.2 தங்க மார்க். 1923 நவம்பரில் ரென்டன்மார்க்கைக் கொண்டுவந்தபோது ஒரு ரென்டன்மார்க்குக்குப் பன்னிரண்டு சைபர் காகித மார்க் என்று வைத்தார்கள். அதனால்தான் அந்த 4.2 என்ற எண் அப்படியே நிற்கிறது. பழைய விலைக்குப் பின்னால் பன்னிரண்டு சைபரைச் சேர்த்தது போல.

தஞ்சை_வாசகர்
ரொட்டியை வைத்தும் பார்க்கலாம். அந்த நவம்பரில் பெர்லினில் ஒரு ரொட்டி சுமார் 20,000 கோடி மார்க். டாலருக்கு 420 கோடிதான் என்றால் ஒரு ரொட்டி வாங்க 47 டாலருக்கு மேல் வேண்டும். 4.2 லட்சம் கோடி என்றால் ஒரு டாலருக்கு 21 ரொட்டி. எது நடக்கக்கூடியது?

அச்சுக்கோப்பாளர்
அப்படியும் அச்சுப்பிழையாக இருக்க வாய்ப்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

பழநூல்_தேடி
முன்பக்கம் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஜெர்மனி கட்ட வேண்டிய போர் இழப்பீடு 1921இல் 132 மில்லியார்ட் தங்க மார்க் என்று முடிவானது, பவுண்டில் 6,600 மில்லியன். உங்கள் புத்தகத்தில் அது கட்டாயம் வரும். 132,000 மில்லியன், 6,600 மில்லியன் என்று இருந்தால் ஆசிரியர் பழைய பிரிட்டிஷ் அளவில் எழுதுகிறார். 132 பில்லியன், 6.6 பில்லியன் என்று இருந்தால் சின்ன அளவு. பழைய பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் ஒன்பது சைபருக்குப் பெரும்பாலும் பில்லியன் என்று எழுத மாட்டார்கள், ஆயிரம் மில்லியன் என்றுதான் எழுதுவார்கள்.

டோர்ட்முண்ட்_தமிழிச்சி
இன்னொன்று. தமிழில் எப்படி எழுதப் போகிறீர்கள்? இலங்கையில் வரவு செலவுத் திட்டச் செய்தியெல்லாம் மில்லியன், பில்லியன் ரூபா என்றுதான் வரும். நான் வளர்ந்தது அந்தத் தமிழில். லட்சம் கோடி என்றால் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கணக்கு_வாத்தியார்
லட்சம் கோடி என்பது செய்தித்தாள்கள் செய்த ஒட்டுவேலை. லட்சம் ஒரு அளவு, கோடி ஒரு அளவு, இரண்டையும் அடுக்குவது முறையல்ல. டிரில்லியன் என்றே எழுதலாம்.

தஞ்சை_வாசகர்
முறையோ இல்லையோ, மத்திய பட்ஜெட்டை இங்கே எல்லோரும் லட்சம் கோடியில்தான் பேசுகிறோம். அதில் ஒரே ஒரு அளவுதான் உண்டு, பழையது புதியது என்ற சிக்கல் கிடையாது. பில்லியன் என்று போட்டால் எந்தப் பில்லியன் என்று மறுபடி கேள்வி வரும்.

டோர்ட்முண்ட்_தமிழிச்சி
உங்கள் ஊருக்குச் சிக்கல் இல்லை. இதழ் எந்த ஊரில் வருகிறது என்று கயல்மொழி இன்னும் சொல்லவில்லையே.

கணக்கு_வாத்தியார்
தமிழில் பேரெண்களுக்குத் தனிப்பெயர்கள் இருந்தன. அவற்றை மீட்டெடுத்தால் இந்தச் சண்டையே வராது. ஆனால் படிக்க ஆள் வேண்டுமே.

வரலாற்று_ஆர்வலர்
வாசகருக்குத் தெரியாத பெயரைப் போட்டால் அடிக்குறிப்பும் போட வேண்டும் ஐயா. இன்றிரவு கெடு உள்ளவரிடம் இதைச் சொல்லலாமா?

கயல்மொழி
பார்த்துவிட்டேன். 6,600 மில்லியன் பவுண்டு என்றுதான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் கிடைத்தது, லண்டன். 4.2 லட்சம் கோடி என்று திருத்தி அனுப்பிவிட்டேன். இதழ் சென்னையில் வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

பழநூல்_தேடி
நல்லது. அதே அத்தியாயத்தில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மொத்தத் தொகையும் வருகிறதா? அங்கே டிரில்லியன் என்று இருந்தால் பன்னிரண்டு சைபர் இல்லை, பதினெட்டு. அனுப்பியதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தஞ்சை_வாசகர்
கயல்மொழி, பார்த்தீர்களா?