பழைய ஜப்பான் ஆம்ப்: லெஃப்ட் சேனல் வருது போகுது, ஹம் சத்தம் வேற. என்ன பண்ணலாம்?

கரூர்_கேசட்:
வணக்கம் மக்களே. 1983ல மாமா சிங்கப்பூர்லருந்து வந்தப்ப அப்பாவுக்குக் கொண்டாந்த ஸ்டீரியோ ஆம்ப் ஒன்னு வீட்ல கெடக்கு, ஜப்பான்ல செஞ்சது, சேனலுக்கு 40 வாட், பின்னாடி 220/240 செலக்டர் இருக்கு. இத்தனை வருஷத்துல அதுக்கு நடந்த ஒரே சர்வீஸ் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை சந்தனம் குங்குமம் வெச்சதுதான். போன மாசம் பரண்லருந்து இறக்கி தூசி தட்டி ஆன் பண்ணேன், 4 செகண்ட் கழிச்சு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு, பாட்டும் வந்துச்சு, அப்பா முகத்த பாக்கணுமே. ஆனா ரெண்டு ஸ்பீக்கர்லயும் பின்னாடி ம்ம்ம்ம்னு ஒரு ஹம். அது போக லெஃப்ட் சேனல் சவுண்ட் கம்மியா வெச்சா சுத்தமா படுத்துடுது, சவுண்ட கூட்டினா சடக்குன்னு வந்துடுது, அப்புறம் ஒரு மணி நேரம் ஒழுங்கா பாடும், திரும்ப அணைச்சு போட்டா பழைய கதைதான். வால்யூம் திருகுனா கரகரன்னு வேற. பக்கத்து தெரு மெக்கானிக்கு கழட்டி கூட பாக்கல, ஐசி போச்சு தம்பி, உள்ள இருக்கறதெல்லாம் தூக்கிட்டு யுஎஸ்பி, ப்ளூடூத் வெச்ச புது போர்டு மாட்டித் தரேன் 3500 ஆகும்னாரு. குடுத்துடலாமா?

சால்டர்_வாசம்:
குடுத்துடாதீங்க தம்பி, முதல்ல அந்த செட்ட திரும்ப வீட்டுக்கு தூக்கிட்டு வாங்க. ஐசியோ அவுட்புட் ட்ரான்சிஸ்டரோ போயிருந்தா பெரும்பாலும் அந்த டொக்கு சத்தமே வந்திருக்காது. அது ஸ்பீக்கர் ரிலே, கரண்ட்ல தானா சேந்து பிரியற ஒரு சுவிட்ச். ஆன் பண்ணி சில செகண்ட் கழிச்சு, அவுட்புட்ல டிசி (ஸ்பீக்கர எரிச்சுடற நேர் கரண்ட்) எதுவும் இல்லன்னு பாத்துட்டுதான் ஸ்பீக்கர சேக்கும். அது சேருதுன்னா பவர் ஸ்டேஜ் (ஸ்பீக்கர ஓட்டுற பகுதி) பெரும்பாலும் உயிரோடதான் இருக்கு.

உங்களுக்கு இருக்கறது ஒரு வியாதி இல்ல, மூணு தனித்தனி வியாதி. கரகரப்பு வால்யூம் கண்ட்ரோல் உள்ள அழுக்கு, அத விடுங்க, காண்டாக்ட் க்ளீனர் அடிச்சு 30 தடவ திருகுனா போயிடும். லெஃப்ட் சேனல்தான் சுவாரசியம். கம்மி சவுண்ட்ல படுத்து, கூட்டினா எந்திரிக்குதுன்னா எங்கயோ ஒரு காண்டாக்ட்ல கறுப்பு படிஞ்சிருக்கு. சின்ன சிக்னலுக்கு அந்தப் படலத்த தாண்ட தெம்பு இல்ல, பெரிய சிக்னல் வந்தா உடைச்சுட்டு போயிடுது. எனக்கு முதல் சந்தேகம் அந்த ரிலே மேலதான். அத தொடறதுக்கு முன்னாடி முன்னால இருக்கற டேப் மானிட்டர், ஸ்பீக்கர் ஏ பி, மோனோ இந்த பட்டன்லாம் 20, 30 தடவ அமுக்கி விடுங்க. பாதி செட்டு அதுலயே சரியாயிடும், சந்தனம் உள்ள போயிருந்தாலும் தெரிஞ்சுடும் :)

ஹம்முக்கு ஒரு கேள்வி. வால்யூம ஜீரோல வெச்சாலும் அதே அளவு இருக்கா, இல்ல கூட்டினா கூடுதா? எல்லா ஒயரையும் பின்னாடி கழட்டிட்டு பாத்து சொல்லுங்க.

ரிச்சி_ஸ்ட்ரீட்_ரசிகன்:
ப்ரோ 40 வருஷ செட்டு, எதுக்கு தேடிக்கிட்டு, உள்ள இருக்கற எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் (சார்ஜ தேக்கி வெக்கற டப்பா) மொத்தத்தையும் மாத்திடுங்க, நான் அப்டிதான் பண்ணேன் ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சுது, சவுண்ட் சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு. வால்யூமுக்கு பெட்ரோல் விட்டா போதும், ஸ்ப்ரேலாம் வேஸ்ட்.

சால்டர்_வாசம்:
ரசிகன் சார், கோச்சுக்காதீங்க, ஆனா இதுல நான் ஒத்துப்போக மாட்டேன். 50 கண்டென்சர் கழட்டி மாட்டுனா அதுல ஒன்ன ப்ளஸ் மைனஸ் மாத்தி வெப்போம், நாலு இடத்துல போர்டோட ட்ராக் (செம்புக் கோடு) பேந்துடும், கடைசில எது பழைய ஃபால்ட் எது நம்ம உண்டாக்குனதுன்னே தெரியாம உக்காந்திருப்போம். ஃபால்ட் எங்கன்னு கண்டுபுடிச்சு அத மட்டும் மாத்துறதுதான் சரி. பெட்ரோல் அந்தக் காலத்துல எல்லாரும் விட்டதுதான், நானும் விட்டிருக்கேன், ஆனா உள்ள ஆவி நிக்கும்போது எவனாவது சுவிட்ச போட்டா செட்டோட சேத்து மீசையும் போயிடும்.

கோவை_ஓம்ஸ்:
அண்ணன்களே, நடுவுல நானும் ஒன்னு சொல்லிக்கறேன். மூடிய கழட்டுனா பெரிய கண்டென்சர் அடியில மஞ்சளாவோ பழுப்பாவோ பசை காஞ்சு கெடக்குதான்னு பாருங்க. அந்தக் காலத்து ஜப்பான் செட்டுல கண்டென்சர் ஆடாம இருக்க இந்தப் பசைய வெப்பாங்க, சூட்டுல வருஷக்கணக்கா வெந்து பழுப்பாயிட்டா அதுவே கரண்ட் கடத்த ஆரம்பிச்சுடும், பக்கத்துல இருக்கற டயோடு கால், ரெசிஸ்டர் காலெல்லாம் அரிச்சு தின்னுடும். கெட்டுப் போன கண்டென்சர்லருந்து ஒழுகுதுன்னு நெறைய பேர் ஏமாந்துடுவாங்க. சுரண்டி எடுத்துடுங்க.

முக்கியமா, கைய வைக்கறதுக்கு முன்னாடி ப்ளக்க புடுங்கிட்டு கண்டென்சர்ல நிக்கற சார்ஜ எறக்குங்க. உங்க செட்டுல ப்ளஸ் 36 மைனஸ் 36 மாதிரி இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல 70 வோல்ட்டுக்கு மேல. ஸ்க்ரூட்ரைவர வெச்சு சட்டுன்னு ஷார்ட் பண்றதெல்லாம் வேணாம், 1 கே (1000 ஓம்) 5 வாட் ரெசிஸ்டர ஒவ்வொரு கண்டென்சர் மேலயும் ஒரு நிமிஷம் புடிங்க, மீட்டர்ல பாத்துட்டு அப்புறம் தொடுங்க. வேலை முடிஞ்சு முதல் தடவ ஆன் பண்ணும்போது 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டுல (செட்டுக்கு போற கரண்ட் பல்பு வழியா போற போர்டு) போடுங்க, எல்ஈடி பல்பு ஆகாது. பளிச்சுன்னு எரிஞ்சு மங்கிடுச்சுன்னா நல்லது, பளிச்சுன்னே நின்னா உள்ள ஷார்ட்.

கரூர்_கேசட்:
அண்ணன்களா ரொம்ப நன்றி. பட்டன் எல்லாத்தையும் அமுக்கி பாத்தேன், கொஞ்சம் தேவல ஆனா சரியாகல. ஸ்பீக்கர் ஒயர லெஃப்ட் ரைட் மாத்தி போட்டேன், ஃபால்ட் அடுத்த ஸ்பீக்கருக்கு போயிடுச்சு, அப்ப ஆம்ப்லதான். ஹம் வால்யூம் ஜீரோலயும் அதே அளவு, ஒயர் எதுவும் இல்லாமலும் இருக்கு. பெரிய கண்டென்சர் ரெண்டு, 6800 மைக்ரோஃபாரட் 50 வோல்ட். மீட்டர ஏசில வெச்சு பாத்தா ஒன்னுல 70 சொச்சம் காட்டுது, இன்னொன்னுல ஜீரோ!! பயந்துட்டேன்.

கோவை_ஓம்ஸ்:
பயப்படாதீங்க, மீட்டர் வெல கம்மியா? அதுல ஏசி ரேஞ்சு டிசியையும் சேத்து கணக்கு பண்ணும், ஒரு பக்கம் டபுளா காட்டும், ப்ரோப மாத்திப் புடிச்சா ஜீரோ காட்டும். 0.1 மைக்ரோ 100 வோல்ட் பாலியஸ்டர் கண்டென்சர் ஒன்ன ப்ரோபுக்கு சீரிஸ்ல போட்டு பாருங்க, அப்ப வர்றதுதான் நிஜ ரிப்பிள், அதாவது டிசி மேல மிச்சமா நிக்கற ஏசி ஆட்டம்.

கரூர்_கேசட்:
ஆமாண்ணே 350 ரூபா மீட்டர்தான். நீங்க சொன்ன மாதிரி பாத்தேன், ப்ளஸ் பக்கம் 0.1, மைனஸ் பக்கம் 1.6.

சால்டர்_வாசம்:
ஆளு மாட்டிக்கிட்டான். மைனஸ் பக்கத்து கண்டென்சர் காஞ்சுடுச்சு, சப்ளை ரெண்டு சேனலுக்கும் பொதுங்கறதால ரெண்டு பக்கமும் ஹம். மாத்தும்போது ஜோடியா மாத்துங்க, 6800 63 வோல்ட் போடுங்க, நல்ல கம்பெனிதா பாத்து வாங்குங்க. பெரிய டப்பாக்குள்ள சின்ன கண்டென்சர ஒளிச்சு வெச்சு விக்கறவனும் இருக்கான், கையில தூக்குனா வெயிட்லயே தெரியும். ரிலேவுக்கு மேல் கூட்ட கழட்டி, வெள்ளைப் பேப்பர் ஒரு துண்டு வெட்டி ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்சு காண்டாக்ட்டுக்கு நடுவுல வெச்சு மெல்ல இழுங்க, கறுப்பா வரும், வெள்ளையா வர்ற வரைக்கும் இழுங்க. உப்புத்தாள் போடாதீங்க, மேல் பூச்சு போயிடும். பயஸ் (ட்ரான்சிஸ்டர்ல சும்மா இருக்கும்போதும் ஓடற கரண்ட்) அளவ வைக்கற குட்டி ப்ரீசெட் திருகுங்க பக்கம் மட்டும் கைய கொண்டு போயிடாதீங்க.

கரூர்_கேசட்:
ரிலே வேலை முடிஞ்சுது, பேப்பர் கரி மாதிரி வந்துச்சுண்ணே! லெஃப்ட் இப்ப எவ்ளோ கம்மி சவுண்ட்லயும் நிக்குது. கண்டென்சரும் மாத்தி சீரிஸ் பல்புல போட்டேன், மங்கிடுச்சு, ஹம் போயே போச்சு, காத ஸ்பீக்கர்ல ஒட்டி வெச்சாதான் ஏதோ லேசா. அப்பா நேத்து ராத்திரி 11 மணி வரைக்கும் கேட்டுட்டு இருந்தார், அம்மா திட்டி அணைக்க வெச்சாங்க. ஒன்னே ஒன்னு, புது கண்டென்சர் பழசவிட ஒல்லி, பழைய கிளாம்ப்ல லூசா ஆடுது. என்ன பண்றது?

ரிச்சி_ஸ்ட்ரீட்_ரசிகன்:
சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு வெட்டி சுத்தி கிளாம்ப இறுக்குங்க ப்ரோ. இதுக்காவது சால்டர் அண்ணன் ஒத்துக்குவாரா?

சால்டர்_வாசம்:
என் செட்டுல 15 வருஷமா அதுதான் இருக்கு சார்.