ஸ்ப்ரவுட்ஸ் பங்கை வாங்கலாமா?

கேள்வி: இயற்கை உணவு விற்கும் அமெரிக்க மளிகைக் கடை நிறுவனமான ஹோல் ஃபுட்ஸின் பங்கு வாங்க நினைத்துத் தேடினால் சந்தையிலேயே காணோம். அதே ரகத்தில் ஸ்ப்ரவுட்ஸ் ஃபார்மர்ஸ் மார்க்கெட் இருக்கிறது. கடையில் எப்போதும் கூட்டம். நம்பிப் பணம் போடலாமா?

பதில் 1: ஹோல் ஃபுட்ஸை 2017-இல் பங்குக்கு 42 டாலர் கொடுத்து அமேசான் வாங்கிவிட்டது. இனி அமேசான் பங்குதான். அதில் மளிகை ஏதோ ஒரு மூலையில்.

பதில் 2: கூட்டத்தை விடுங்க சார், என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஸ்ப்ரவுட்ஸ் 2013 ஆகஸ்டில் பங்குக்கு 18 டாலர் என்று சந்தைக்கு வந்தது, முதல் நாளே 40-ஐத் தாண்டியது. 2020 மார்ச்சில்? 20-க்கும் கீழே. கடை என்னவோ நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது! அப்புறம், காலாண்டு அறிக்கையில் மொத்த விற்பனையைப் பார்த்து மயங்காதீர்கள். புதுக்கடை திறந்தால் அது தானாக ஏறும். பழைய கடைகளின் விற்பனை மட்டும் எவ்வளவு வளர்ந்தது என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். மளிகையில் லாப விகிதம் சொற்பம். பழைய கடைகளின் விற்பனை சறுக்கினால் பங்கு விலை தாங்காது.

கேட்டவர்: சரி. டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பணம், வருமா?

பதில் 2: ஸ்ப்ரவுட்ஸ் தருவதில்லை, தன் பங்கையே திரும்ப வாங்கிக்கொள்ளும். டிவிடெண்ட்தான் வேண்டுமென்றால் கொலராடோவின் நேச்சுரல் குரோசர்ஸ் என்ற மளிகைக் கடை நிறுவனத்தைப் பாருங்கள். சின்ன கம்பெனி, பெரும்பங்கு அதைத் தொடங்கிய குடும்பத்தின் கையில்.