எம்ஜிபி ரோட்ஸ்டர்: கூரை முதலிலா, துரு முதலிலா?

கேள்வி:
1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (மடக்கும் துணிக் கூரை கொண்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கியிருக்கிறேன். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, ஆனால் துணிக் கூரை கிழிந்து மழைநீர் உள்ளே வருகிறது, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற இரும்புப் பகுதியில் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது. கூரையை முதலில் மாற்றட்டுமா?

பதில் 1:
கூரை காத்திருக்கும். எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, மேலே இரும்புக் கூரையும் இல்லை, அதனால் வண்டியின் பலம் பெரும்பாலும் அந்த சில்களில்தான் இருக்கிறது. வெளியே கொப்புளம் என்றால் உள்ளே அநேகமாகத் துரு அரித்துப் போயிருக்கும். பழைய சில்லை அறுப்பதற்கு முன் கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவு மூடவே மூடாது.

பதில் 2:
ஆமாம். ஒரு பக்கத்தை முழுசாக முடித்து, கதவு இடைவெளி சரியா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். பட்டி பூசி மறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பதில் 3:
புதுக் கூரை போட்டதும் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். குளிரில் மடித்தால் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் விரிசல் விடும். அதுவரை ஒரு தார்ப்பாய் போதும்.

கேள்வி கேட்டவர்:
கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஸ்க்ரூடிரைவர் தரைத்தகட்டுக்குள் அப்படியே இறங்குகிறது. சரி, முதலில் வெல்டரைத் தேடுகிறேன்.