பேத்தியின் ஐரிஷ் பெயரைப் பத்திரிகையில் எப்படிப் போடுவது?

வில்லாபுரம் அம்மாச்சி:
எல்லாருக்கும் வணக்கம். என் மகள் டப்ளினில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை கால்வே பக்கத்துக்காரர். பேத்திக்கு அவர்கள் பக்கத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். மகள் போனில் சொல்லும்போது ‘நீவ்’ என்று கேட்கிறது. பாஸ்போர்ட்டில் என், ஐ, ஏ, எம், எச் என்று இருக்கிறது. தை மாதம் அழகர்கோவிலில் மொட்டை, காதுகுத்து. பதினெட்டாம்படிக் கருப்பருக்கு நேர்ந்துகொண்டது. சிம்மக்கல் பக்கம் பத்திரிகை அடிக்கக் கொடுத்தால், ப்ரூஃபில் ‘நியாம்’ என்று வந்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் அப்படித்தானே வருகிறது என்கிறார் அச்சகத்துத் தம்பி. அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

என் நாத்தனார் வேறு, “அர்த்தம் தெரியாத பெயரைச் சொல்லியா பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைப்பீர்கள்?” என்கிறார். சொந்தக்காரப் பையன் ஒருவன், அது ஏதோ சாபக் கதையில் வரும் பெயர் என்று சொல்லிவிட்டான். அதுதான் மனதை அரிக்கிறது. அங்கே இருக்கிறவர்கள் யாராவது விவரம் சொல்லுங்கள்.

மேலூர்ப் பெண், கார்க்:
அம்மா, முதலில் அந்த ப்ரூஃபை நிறுத்தச் சொல்லுங்கள். மகள் சொல்வதுதான் சரி, நீவ். சிலர் ‘நீயவ்’ என்று கொஞ்சம் இழுத்தும் சொல்வார்கள். இங்கே நன்றாகப் பழகிய பெயர்.

ஐரிஷில் எம்மோடு எச் சேர்ந்தால் பெரும்பாலும் ‘வ்’ ஒலிதான். பழைய அச்சில் இந்த எச் கிடையாது, எம்முக்கு மேலே புள்ளி வைப்பார்கள். இங்கே பழைய புத்தகம் ஒன்றில் முதன்முதலாகப் பார்த்தபோது நம் மெய்யெழுத்து ஞாபகம்தான் வந்தது. நம் புள்ளி உயிரை எடுத்துவிடும், அவர்கள் புள்ளி மெய்யை இளக்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சாதாரண ரோமன் அச்சுக்கு மாறியபோது, புள்ளி போய் அந்த இடத்தில் எச் வந்துவிட்டது. இங்கிலீஷ் கண்ணோடு படித்தால் நியாம்தான் வரும்.

பொருள் ஒளி, பளபளப்பு. சோதி, தீபா என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிற ஊரில் இதில் என்ன குறை? நாத்தனாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கதை. கடல் தெய்வம் மனனான் மக் லிரின் மகள் நீவ், தங்கநிறக் கூந்தல்காரி. கிலார்னி ஏரிக்கரையில் ஃபின் மக் கூலும் ஆட்களும் வேட்டையில் இருக்கும்போது வெள்ளைக் குதிரையில் வருகிறாள். ஃபின்னின் மகன் ஓஷீன்மேல் அவளுக்கு ஆசை. கடல் தாண்டி, யாருக்கும் மூப்பு வராத ‘டீர் நா நோக்’ நாட்டுக்கு அழைத்துப் போகிறாள். 3 வருஷம் இருந்ததாக அவன் நினைக்கிறான், இங்கே 300 வருஷம் ஓடிவிட்டது. ஊரைப் பார்க்கவேண்டும் என்கிறான். குதிரையை விட்டு இறங்காதே, கால் தரையில் படக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்புகிறாள். டப்ளினுக்குத் தெற்கே க்ளென்னஸ்மோல் பள்ளத்தாக்கில் சில பேர் பாறையைத் தூக்க முடியாமல் தவிக்க, இவன் குனிந்து கைகொடுக்கிறான். சேணவார் அறுந்து கீழே விழுந்தவன், விழுந்த இடத்திலேயே கிழவனாகிவிடுகிறான்.

இதில் நீவ் யாரையாவது சபித்தாளா? எச்சரித்தாள், அவ்வளவுதான். யாரையும் ஏமாற்றவில்லை. நான் வைத்தாலும் இந்தப் பெயரைத்தான் வைப்பேன்.

திருமங்கலம் தமிழாசிரியர், ஓய்வு:
அம்மா, ‘நீவ்’ என்றே அச்சடியுங்கள். தமிழில் வகர மெய்யில் முடியும் சொற்கள் அவ், இவ், உவ், தெவ் என்ற நான்குதான் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அவையும் இன்று புழக்கத்தில் இல்லை. அதனால் உறவுக்காரர்கள் வாயில் தானாக ஓர் உகரம் ஒட்டி ‘நீவு’ ஆகும். பேச்சில் அப்படி வந்தால் வரட்டும், திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். அச்சில் மட்டும் அவள் பெயர் அவள் பெயராக இருக்கட்டும். அடியில் பாஸ்போர்ட் எழுத்தையும் சிறிதாகப் போட்டால் மாப்பிள்ளை வீட்டாரும் படித்துக்கொள்வார்கள்.

வில்லாபுரம் அம்மாச்சி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அச்சகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கதையை நாத்தனாரிடம் சொன்னேன். அந்தக் குதிரை என்ன ஆச்சு என்று கேட்கிறார்! மாப்பிள்ளையின் அம்மாவும் வருகிறார்கள். அவர் பெயர் ஜி, ஆர், ஏ, ஐ, இரண்டு என், இ. அதை எப்படிச் சொல்வது?

மேலூர்ப் பெண், கார்க்:
க்ரோன்யா. நம் பக்கம் ராணி மங்கம்மாள் பெயரைச் சொல்கிற மாதிரி இங்கே க்ரோன்யா நீ வாலியா பெயரைச் சொல்வார்கள். மேயோ கடற்கரையில் கப்பல்களை வைத்து ஆண்டவர். பிடிபட்ட மகனை விடுவிக்கச் சொல்லி 1593-இல் லண்டன் பக்கம் கிரீனிச்சுக்கே போய் எலிசபெத் ராணியை நேரில் பார்த்தார். இங்கே சம்பந்தியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதனால் நீங்களும் தயங்காமல் க்ரோன்யா என்றே கூப்பிடுங்கள். குதிரை, ஓஷீன் விழுந்ததும் அவனை விட்டுவிட்டு ஓடிவிட்டதாம்.