ரேந்தை பின்னும் பாபினுக்கு "இழைகோல்" - என் முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ரேந்தை (லேஸ்) பின்னும் பாபினுக்கு, அதாவது நூல் சுற்றிய குச்சிக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டுவிட்டுப் பத்து நாளாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வந்த சொற்களைத் திண்டின் முன்னால் உட்கார்ந்து, பின்னிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கதிர், தார், நூலுருளை, எலும்புக்குச்சி, அப்புறம் கொழும்பு அக்கா எழுதிய பீரளு. ஒவ்வொன்றும் எங்கே ஒட்டுகிறது, எங்கே நழுவுகிறது என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில், இந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்காக. குரோஷேயில் ஒரு கொக்கி, ஒரு நூல். இதில் அப்படியில்லை. வைக்கோல் போன்ற ஒன்றை இறுக்கி அடைத்த திண்டு, அதன்மேல் துளையிட்ட வடிவத்தாள், துளைகளில் குண்டூசிகள். ஒவ்வொரு நூலின் இரண்டு முனைகளையும் இரண்டு குச்சிகளில் சுற்றி, நடுப்பகுதியை ஊசியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். அதனால் எல்லாமே ஜோடிக் கணக்குதான். ஒரு சின்னப் புத்தகக்குறிக்கே பத்துப் பன்னிரண்டு ஜோடி வேண்டும். எத்தனை ஜோடி தொங்கினாலும் ஒரு நேரத்தில் கையில் இருப்பவை இரண்டு ஜோடி, நான்கு குச்சி. அசைவும் இரண்டே இரண்டு. நடுவில் உள்ள இரண்டில் இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததன் மேல் போடுவது ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்ததன் மேல் போடுவது இன்னொன்று. பெல்ஜியத்தின் நுண்ணிய ரேந்தைகள்கூட இந்த இரண்டு அசைவில் இருந்து வந்தவைதான். விரல் நூலைத் தொடுவதே அரிது, தொடுவதெல்லாம் குச்சியைத்தான். பெயர் சரியாக அமைய வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

சரி, கதிர். அதை எழுதிய ஐயா சொன்ன காரணம் வலுவானது. பிரெஞ்சில் இதை ஃபுசோ என்கிறார்கள். நூல் நூற்கும் கதிருக்கும் அங்கே அதே சொல்தான். பிரான்சின் ல புய் நகரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த சொல் அது. ஆனால் பிரெஞ்சுக்காரர் பார்த்தது உருவத்தை. கதிர் என்றதும் என் மனத்தில் வருவது சுழற்சி. பஞ்சு திரிந்து நூலாவதே கதிர் சுழல்வதால்தான். ரேந்தைக் குச்சியோ சுழலக் கூடாத பொருள். நூலைச் சுற்றி முடித்ததும் தலைப்பக்கம் ஒரு சுருக்குப் போட்டுப் பூட்டிவிடுகிறோம். தேவைப்படும்போது சற்றே சாய்த்து உருட்டி, வேண்டிய அளவு மட்டும் நூல் விடுவோம். தானாகச் சுழன்றால் வேலை கெட்டது. ஜெர்மன்காரர்கள் கேட்டது ஓசையை. க்ளொப்பெல் என்கிறார்கள், கோயில்மணியின் நாக்குக்கும் அதுதான் பெயர். மரக்குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் "டக் டக்" ஒலியை ஒருமுறை கேட்டால் அந்தப் பெயர் ஏன் என்று புரிந்துவிடும். ஒவ்வொரு மொழியும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டது. நாம் எதைப் பிடிக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

தார் என்ற சொல்லின்மேல் எனக்கு ஆசை உண்டு. நெசவுக் குடும்பத்தில் பிறந்த நண்பர் எழுதியது. தார் சுற்றும் பாட்டியைப் பற்றி அவர் எழுதியிருந்த நான்கு வரியைப் பலமுறை படித்தேன். ஆனால் தார், அதாவது நெசவில் நூல் சுற்றிய குழல், எப்போதும் குறுக்கு நூலான ஊடைக்கு உரியது. தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவுக்குள் உட்கார்ந்து குறுக்கே ஓடுவது. தறியில் நெடுக்கு நூலான பாவு பாவுதான், ஊடை ஊடைதான். ரேந்தையில் அந்தப் பிரிவு நிலைப்பதில்லை. இந்த வரிசையில் குறுக்கே ஓடிய ஜோடி, நாலு ஊசி தள்ளிப் போனதும் பாவாகத் தொங்கும். தார் என்று வைத்தால் பாதி நேரம் பொய் சொல்வதாகிவிடும்.

நூலுருளை வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. இது உருளாமல் இருப்பதற்காகவே மனிதர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்! இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷர், பக்கிங்ஹாம்ஷர், நார்தாம்ப்டன்ஷர் பக்கத்துக் குச்சிகள் மெலிந்தவை, சுமார் 10 செ.மீ. நீளம். அவற்றின் அடியில் பித்தளைக் கம்பியில் கண்ணாடி மணிகளைக் கோத்து ஒரு வளையம் தொங்கவிடுவார்கள். அழகுக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். குச்சி திண்டின்மேல் உருண்டு நூலை முறுக்கிவிடாமல் தடுப்பதும், நூலை இழுத்துப் பிடிக்கக் கொஞ்சம் எடை தருவதும் அந்த வளையம்தான். அந்த மணிகளிலும் சிலவற்றைச் சூடாக இருக்கும்போதே அரத்தால் அழுத்திச் சதுரமாக்குவார்கள். பக்கங்களில் அரத்தின் வரி பதிந்திருக்கும். இப்படியொரு பொருளுக்கு உருளை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எலும்புக்குச்சி என்று எழுதிய தம்பிக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பார்த்த படம் பெட்ஃபோர்ட்ஷரின் பழைய எலும்புக் குச்சிகளாக இருக்க வேண்டும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மாட்டின் கால் எலும்பைச் சீவிக் கடைந்து, உடல் முழுதும் சுற்றிச் சுற்றிச் சிறு குழிகள் துளைத்து, சிவப்பும் நீலமுமாக நிறம் அடைத்து எழுத்துகள் எழுதியிருப்பார்கள். காதலன் கொடுத்தது, தாய் இறந்த நாள், குழந்தையின் பெயர், எல்லாம் இருக்கும். பெட்ஃபோர்டில் 1860-இலும் 1868-இலும் மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்த குச்சிகளும் உண்டு. ஊரின் நல்லது கெட்டது எல்லாமே அந்தத் திண்டின்மேல் கிடந்திருக்கிறது. எலும்பு மெலிதாக இருந்தும் கனமானது, வழுவழுப்பானது. கை பட்டுப் பட்டு மெருகேறும்.

ஆனால் அது ஒரு வட்டாரத்தின் ஒரு வகை. அதே வட்டாரத்தில் பிளம், செர்ரி, ஆப்பிள் மரக் குச்சிகளும் ஏராளம். மரத்தில் ஈயம் போன்ற பியூட்டர் உலோகத்தைப் பதித்தவையும் உண்டு: புள்ளி வைத்ததற்குச் சிறுத்தை, பட்டை போட்டதற்குப் புலி என்று பெயர். உடலைக் குடைந்து ஜன்னல்போல் திறந்து, உள்ளே நகப்பிடி அளவில் இன்னொரு குச்சியை வைத்ததற்குத் தாயும் பிள்ளையும் என்று பெயர். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவனுக்குப் போனால் கதையே வேறு. அங்குள்ள ஹானிட்டன் ரேந்தையில் பூவையும் இலையையும் தனித்தனியாகப் பின்னிப் பிறகு இணைக்கிறார்கள். இணைக்கும்போது ஒரு சின்னக் கண்ணி வழியாகக் குச்சியையே நுழைத்து எடுக்க வேண்டும். மணிவளையம் இருந்தால் மாட்டிக்கொள்ளும். அதனால் அங்கே வளையம் கிடையாது. அடி கூர்மை, உடல் வழவழப்பு, எடை மிகக் குறைவு. எலும்பைவிட லேசான மரமே அங்கு ஏற்றது. ஸ்பெயினில் திண்டு நீண்டு நிமிர்ந்து நிற்கும், குச்சிகள் செங்குத்தாகத் தொங்கும். உருளும் பயம் இல்லை. மரத்தின் எடையே போதும், மணி வேண்டாம். ஜெர்மனியின் ஏர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதிக் குச்சிகளில் நூலின்மேல் மெல்லிய மரக்கூடு ஒன்று மூடியிருக்கும், நூல் அழுக்காகாமல் இருக்க. பிரேசிலின் சியாராவில் குச்சியின் முனையில் ஒரு பனைவகையின் கொட்டையை மாட்டுகிறார்கள். குண்டூசிக்குப் பதில் கள்ளிமுள். இன்று பிளாஸ்டிக், அக்ரிலிக், கண்ணாடி எல்லாம் வந்துவிட்டன.

பொருள் மாறுவது வெறும் ரசனை இல்லை என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அம்பாசமுத்திரம் பக்கம், சொப்புச் சாமான் செய்யும் ஒரு கடைசல் பட்டறையில் 40 குச்சி கடைந்து வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. பாதி நன்றாகக் காய்ந்த மரம், மீதி பச்சை மரம் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பச்சை மரம் காயக் காய எடை குறைந்தது, சிலவற்றில் கழுத்துப் பக்கம் விரிசல். ஒரே ஜோடியில் ஒன்று கனம், ஒன்று லேசு. கனமான பக்கம் நூல் இழுபட்டு, நேராக வர வேண்டிய ஓரம் அலையலையாக வந்தது. கருங்காலியில் செய்த நான்கு குச்சிகளோ மெல்லிய பருத்தி நூலை அறுத்தே விட்டன. செம்மரத் துண்டில் ஒன்று செய்து பார்த்தேன். வியர்த்த கை பட்டு வெள்ளை நூலில் இளஞ்சிவப்புக் கறை ஏறிவிட்டது. நூலின் தடிமனும் குச்சியின் எடையும் பொருந்த வேண்டும், ஜோடிக்குள் எடை ஒன்றாக இருக்க வேண்டும், சாயம் விடாத மரமாக இருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் இந்த மூன்றைப் பார்த்தால் போதும். ஆக, எலும்பு, மரம், கண்ணாடி என்பவை இந்தப் பொருளின் அடைமொழிகள். பெயருக்குள் அவற்றை வைத்துவிட்டால் "பிளாஸ்டிக் எலும்புக்குச்சி" என்று எழுத வேண்டிவரும்.

பீரளுவைப் பற்றி. இலங்கையின் காலியிலும் வெலிகமவிலும் சிங்களப் பெண்கள் இன்றும் இந்த வேலையைச் செய்கிறார்கள். பீரளு என்பது அவர்கள் சொல், போர்த்துகீசிய பில்ரோவில் இருந்து வந்தது. கொழும்பு அக்கா கேட்டது நியாயம்தான்: சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அங்கிருந்து வந்தவைதானே, இதற்கு மட்டும் என்ன? நான் இதை மறுக்கவில்லை. ரேந்தையே போர்த்துகீசிய ரெந்தாதான். ஈழத்தமிழில் அது வேரூன்றிய சொல். லேஸ் என்பதைவிட அதைத்தான் நான் விரும்பி எழுதுகிறேன். ரேந்தை தமிழர் வாயில் புழங்கியது, பீரளு அப்படிப் புழங்கவில்லை. எடுத்துக்கொள்வதாக இருந்தால் விளக்கம் சொல்லித்தான் எடுக்க வேண்டும். அந்த விளக்கத்தைப் பெயரே சொல்லிவிட்டால் நல்லது அல்லவா?

பாபின் என்றே விட்டுவிடலாமே என்று இருவர் கேட்டிருந்தீர்கள். தையல் மெஷினின் பாபின் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு தெரிந்த சொல். கடையில் போய் ரேந்தை பாபின் என்றால் அந்தச் சின்ன இரும்புச் சக்கரத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஜான் ஹீத்கோட் 1809-இல் காப்புரிமை பெற்ற வலைத்துணி இயந்திரத்தில் இருந்த பாபினும் ஒரு மெல்லிய பித்தளை வட்டுதான். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே சொல் என்பதால் நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டியதில்லை.

இனி என் முன்மொழிவு. எனக்கு இது தோன்றியது பின்னல் கோலாட்டம் பார்த்தபோது. உச்சியில் இருந்து கயிறுகள் தொங்கும். ஆளுக்கொரு கயிறு. இடமும் வலமுமாக மாறி மாறி ஒருவரைக் கடந்து ஒருவர் போகப் போக மேலே பின்னல் விழுகிறது. திரும்பி ஆடினால் அவிழ்கிறது. என் திண்டின்மேல் நடப்பதும் அதுவேதான். குச்சிகள்தான் ஆடுகிறவர்கள். ஜோடி ஜோடியாக வருகிறார்கள், கடக்கிறார்கள், பிரிகிறார்கள். கோல் என்ற சொல் அங்கேயே கிடைத்துவிட்டது.

முதலில் பின்னற்கோல் என்று வைத்தேன். ஆனால் ஸ்வெட்டர் பின்னும் ஊசி என்றே பலர் நினைப்பார்கள். என் மகளும் அப்படித்தான் நினைத்தாள். அதனால் இழைகோல். எழுதுகோல் மாதிரி வினைத்தொகை: இழைந்த கோல், இழைகின்ற கோல், இழையும் கோல். வினைத்தொகை என்பதால் "க்" மிகாது. தயவுசெய்து இழைக்கோல் என்று எழுத வேண்டாம். இழை என்றால் நூல், இழைதல் என்றால் ஒன்றோடொன்று சேர்ந்து பின்னிப் போதல். இரண்டுமே இந்தக் குச்சிக்குப் பொருந்துகிறது. பொருளைச் சொல்லவில்லை, உருவத்தைச் சொல்லவில்லை. கையில் அது செய்யும் வேலையைச் சொல்கிறது. எலும்பு இழைகோல், மர இழைகோல், மணி இழைகோல் என்று எந்த அடைமொழியையும் தாங்குகிறது. அந்த வகை ரேந்தைக்கு இழைகோல் ரேந்தை என்று பெயர் வைக்கவும் உதவுகிறது.

கூடவே சில துணைச்சொற்கள். தலையணை வேண்டாம், திண்டு போதும். கெட்டியாக அடைத்தது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. துளையிட்ட வடிவத்தாளுக்குப் புள்ளித்தாள். கோலம் போட்ட கைக்கு உடனே புரியும். அந்த இரண்டு அசைவுகளுக்குக் குறுக்கு, முறுக்கு. இது எனக்கு மிகவும் பிடித்தது. அடர்ந்த துணிபோல வரும் தையலைக் கற்றுக்கொடுக்கும்போது "குறுக்கு, முறுக்கு, குறுக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பாட்டுப்போல் பிடித்துக்கொள்கிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கும் இரண்டு சிறுமிகளும் இப்போது அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு பின்னுகிறார்கள். அடிவளையத்துக்கு மணிவளையம் என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் மாற்றலாம்.

ஒன்று மிச்சம். இந்த வேலை தமிழ் மண்ணுக்குப் புதிதில்லை. 1820-களிலேயே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குத் திண்டு ரேந்தை கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கியிருக்கிறார்கள். அவருடைய மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அதே தொழிலைத் தொடங்கினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவரின் வீட்டுத் திண்ணையில் இந்தக் குச்சிகளின் ஓசை கேட்டிருக்கும் என்று நினைக்கவே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. அங்கே பின்னிய பெண்கள் இதை ஏதோ ஒரு பெயர் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பார்கள்? கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் இந்த வேலை பழகிய அம்மாவோ ஆச்சியோ யாருக்காவது தெரிந்தால், அவர்கள் கையில் இந்தக் குச்சியைக் கொடுத்து என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள். அப்படி ஒரு சொல் வந்தால் இழைகோலை எடுத்துவிட்டு அதைத்தான் இந்தச் சொற்பட்டியலில் முதலில் போடுவேன். அடுத்த மாத முதல் வாரம் வரை காத்திருக்கிறேன்.