அம்மாவுக்கு ஆன்லைன் உடற்பயிற்சி: தொடரலாமா, நிறுத்தலாமா?

மதுரைமகள்: அம்மாவுக்கு 72 வயது. ஆறு மாதமாக வாரம் நான்கு நாள் ஜூமில் முதியோர் உடற்பயிற்சி வகுப்பு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, இப்படி அரை மணி நேரம். "போனைப் பார்த்துச் செய்வதெல்லாம் பயிற்சியா? தினம் பத்தாயிரம் காலடி நடந்தால் போதும்" என்கிறான் தம்பி. நிறுத்திவிடலாமா?

ஓய்வாசிரியர்: தம்பி சொல்வதுதான் சரி அம்மா. போன வருடம் என் மனைவி ஒரு செயலியைப் பார்த்துச் செய்தாள். போனைத் தரையில் ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்தாள். ஒற்றைக்காலில் நின்றபடி அடுத்தது என்ன என்று குனிந்தாள், சரிந்துவிட்டாள். மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அவள் கீழே கிடக்கும்போதும் செயலி எண்ணிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லாத பயிற்சி இந்த வயதில் ஆபத்து.

நெல்லைபிசியோ: கேட்கவே வருத்தமாக இருக்கிறது ஐயா. ஆனால் நடை மட்டும் போதாது. பத்தாயிரம் காலடி என்பது மருத்துவர் கணக்கு இல்லை. 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. வயதான பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் (2019) சுமார் 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலை, தசைவலுப் பயிற்சி செய்ய வேண்டும் என்று. விழாமல் காப்பது அதுதான்.

அதைத் திரை வழியாகக் கற்றுக்கொடுக்க முடியுமா? ஆஸ்திரேலியாவில் 'ஸ்டேண்டிங்டால்' என்ற, டேப்லெட் கணினியைப் பார்த்துச் செய்யும் சமநிலைப் பயிற்சித் திட்டத்தை 70 வயது தாண்டிய 503 பேரிடம் சோதித்தார்கள். சுகாதாரத் தகவல் மட்டும் பெற்றவர்களைவிட, பயிற்சி செய்தவர்கள் விழுவது இரண்டு வருடத்தில் 16% குறைந்தது. காயம்படும் விழுகைகள் 20% குறைந்தன.

ஓய்வாசிரியர்: நானும் அதைப் படித்தேன் தம்பி. முதல் வருடத்தில் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. இரண்டு வருட முடிவில் கிட்டத்தட்ட பாதிப் பேர்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நெல்லைபிசியோ: சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிப் பேர் இரண்டு வருடம் விடவில்லை என்றும்தானே அர்த்தம்? என்னிடம் பயிற்சித் தாள் வாங்கிப் போகிறவர்களில் பலர் மூன்று மாதம்கூடச் செய்வதில்லை. தவறு திரையில் இல்லை ஐயா, அது இருந்த இடத்தில். திரை கண் மட்டத்தில், நாற்காலி சுவரோரம், வெறுங்காலோ பிடிப்புள்ள செருப்போ, முதல் சில நாள் வீட்டார் ஒருவர் அருகில். தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

ஓய்வாசிரியர்: இவ்வளவையும் எத்தனை வீட்டில் பார்ப்பார்கள்? பூங்காவுக்குப் போனால் நாலு பேர் முகமாவது பார்க்கலாம்.

மதுரைமகள்: எங்கள் தெருவில் நடைபாதை பெயர்ந்து கிடக்கிறது சார், விடியற்காலையில் நாய்த் தொல்லை வேறு. பூங்கா போய்ச் சேருவதற்குள் அம்மா களைத்துவிடுவார். நாங்கள் டிவியில் இணைத்துத்தான் போடுகிறோம். நாற்காலியை இன்று சுவரோரம் நகர்த்திவிட்டேன். அப்புறம், முகம் பார்ப்பது பற்றி ஒன்று. போன வியாழன் சளி என்று அம்மா வகுப்புக்குப் போகவில்லை. எட்டு மணிக்குள் வகுப்பிலிருந்து இரண்டு பேர் போன் செய்து விசாரித்துவிட்டார்கள். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.